காதுகுத்துல ரெண்டு நிமிஷம் பச்சை

வெற்றிச்செல்விக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். அத அவளே ஒத்துக்குவா. ஆனா பொய் மட்டும் சொல்ல வராது. அதுவும் அண்ணனுக்காகன்னா வரும். உடையார்பாளையத்துல முந்திரிக்காடு வச்சிருக்கற அண்ணாதுரைக்கும் சிந்தாமணிக்கும் ரெண்டாவதாப் பொறந்தவ அவ. மூத்தவன் தமிழ்மாறன், நாலு வயசு பெரியவன். அவன் எதையாவது ஒடச்சிட்டு வந்து நிப்பான், அப்பா குச்சியத் தேடுவாரு, இவ முன்னாடி வந்து "நாந்தாம்ப்பா ஒடச்சேன்"னு நிப்பா. பொம்பளப் புள்ளைய அடிக்க மாட்டாருன்னு ரெண்டு பேருக்கும் தெரியும். இப்படியே எத்தன அடிய அவன் தப்பிச்சிருக்கான்னு கணக்கே இல்ல.

அவனும் லேசுப்பட்டவன் இல்ல, தங்கச்சின்னா உசுரு. டிப்ளமா முடிச்சிட்டு சிங்கப்பூருக்குக் கப்பல் கட்டற வேலைக்குப் போனவன், மொத லீவுல வந்தப்ப தனக்குன்னு ஒரு சட்டகூட வாங்காம, காலேஜ் படிச்சிட்டிருந்த தங்கச்சிக்கு லேப்டாப்பு வாங்கிட்டு வந்தான். "எங்கண்ணன் வாங்கிக் குடுத்தது, எங்கண்ணன் வாங்கிக் குடுத்தது"ன்னு ஹாஸ்டல்ல ஒருத்தரு காத விட்டு வைக்கல இவ. அந்தப் பொட்டியிலதான் வேலையக் கத்துக்கிட்டா, அந்த வேலையாலதான் இன்னிக்கி நாலு பேரு மதிக்கிறாங்க. அப்படித்தான் அவ நெனச்சா. இத மொதல்லயே சொல்லிடணும், இல்லன்னா பின்னாடி அவ பட்ட பாடு உங்களுக்குப் புரியாது.

வேலை பெரம்பலூர்ல. உரக்கடைக்கு மேல மாடியில தங்கசாமி சாரோட சாஃப்ட்வேர் ஆபீஸு, மொத்தமே ஏழு பேரு. கல்யாணம், காதுகுத்து, வளைகாப்புன்னு எது நடந்தாலும் மண்டபத்துலேருந்து நேரடியா போன்ல காட்டற ஆப்பு ஒண்ணு செஞ்சிருக்காங்க. பேரே 'விசேஷம்'. இந்தப் பக்கத்துல வூட்டுக்கு ஒருத்தராவது வெளிநாட்டுல இருக்காங்களே, அவங்க பாக்கத்தான். செல்வியக் கட்டிக்குடுத்தது அரியலூர்ல. தெனமும் காலைல பெரம்பலூர் பஸ்ஸு, சாயங்காலம் திரும்பற பஸ்ஸு.

அவ பாக்கற வேலைய அவ மாமியாருக்கு இப்படித்தான் சொல்லிப் புரிய வச்சா. "அத்தே, படத்த அப்படியே அனுப்புனா போய்ச் சேராது, அவ்வளவு பெருசு. நல்லா அமுக்கி மூட்டையாக் கட்டி அனுப்பணும். அதுக்குப் பேரு என்கோடிங். அந்தப் பக்கம் போனுக்குள்ள ஒரு சில்லு மூட்டையப் பிரிச்சுப் படமாக் காட்டும், அது டிகோடிங். கட்டுனவன் ஒரு மாதிரி கட்டி, பிரிக்கிறவன் வேற மாதிரி பிரிச்சா படம் நாறிடும். எங்க நாறுச்சுன்னு தேடிப் புடிக்கிறதுதான் எனக்கு வேல." மாமியா கேட்டுட்டு, "அப்ப நீ ரிப்பேரு பாக்கறவ"ன்னுச்சு. ஆமான்னுட்டா.

ரிப்பேரு பாக்கறதுல அவள அடிச்சிக்க ஆளு கெடையாது. எங்க எந்தப் போன்ல படம் திணறுனாலும், அந்த நிமிஷமே ஒரு குறிப்பு தானா ஆபீஸுக்கு வந்து விழுவற மாதிரி எழுதி வச்சது அவதான். என்ன மாடலு போனு, எத்தன மணிக்கு, எந்த லைன்லேருந்து பாத்தாங்க, எல்லாம் அதுல இருக்கும். ஞாயித்துக்கெழம அம்மா வூட்டுக்குப் போனாலும் டெஸ்டு பண்ணிக்கிட்டே இருப்பா. அதுக்குன்னே கேபிள்காரரக் கெஞ்சி, அந்த வூட்டு இன்டர்நெட் லைனுக்கு மாறாத நம்பரா வாங்கி வச்சிருந்தா. அவ பண்ற டெஸ்டு வாடிக்கையாளரு புகாரோட கலந்துடக் கூடாதுன்னு அந்த நம்பருக்குப் பக்கத்துல 'அம்மா வூடு'ன்னு ஒரு அடையாளமும் போட்டு வச்சா.

இப்ப காதுகுத்துக்கு வருவோம். செல்விக்கு ஒரே பொண்ணு, இளவேனில். தாய்மாமன் மடியில ஒக்கார வச்சுத்தான் காது குத்தணும், அது நம்ம வழக்கம். பதினோராம் மாசமே குத்தியிருக்கணும், அண்ணனுக்கு லீவு இல்லன்னு தள்ளி வச்சா. மாமியா மொணமொணன்னுச்சு, புருஷன் ஒரு வார்த்த சொல்லிப் பாத்தாரு. "எம் புள்ள எங்கண்ணன் மடியிலதான் ஒக்காரும், ஆமா"ன்னு ஒத்தக் கால்ல நின்னா. அடுத்து மூணாவது வயசு. அத விட்டா நாலு, ரெட்டப்படை, ஆகாது. இந்தத் தடவ அண்ணனே தேதி சொன்னான், அவன் சொன்ன தேதிக்குத்தான் அரியலூர்ல மண்டபம் புடிச்சாங்க. பத்திரிகையில தாய்மாமன்னு அவன் பேரு கொட்ட எழுத்துல வந்துச்சு.

பத்து நாளு இருக்கறப்ப போனு. "செல்வி, லீவக் கேன்சல் பண்ணிட்டானுவடி. நான் என்ன பண்ணுவேன்?"

அன்னிக்கிப் பூரா அவளுக்குச் சோறு எறங்கல. ஆனா அண்ணன ஒரு வார்த்த சொல்லல. "அது என்ன செய்யும், பொழப்பு அப்படி. நாம லைவ்ல காட்டிடலாம்"னு எல்லார் வாயையும் அவளே அடைச்சா.

ஞாயித்துக்கெழம விசேஷம் நல்லாத்தான் நடந்துச்சு. பெரியப்பா மவன் அருள்முருகன், டவுன் பஸ்ஸு ஓட்டறவரு, அவரும் முறைக்கு மாமன்தானே, அவரு மடியில பாப்பாவ ஒக்கார வச்சாங்க. பத்தர் கம்பிய எடுத்ததும் பாப்பா வீல்னு கத்துனா. மேடையில நின்ன சிந்தாமணி முந்தானைய வாயில வச்சுக்கிட்டு, "ஐயோ, எம் புள்ள இந்த நேரத்துல இல்லாமப் போச்சே"ன்னு ஒரே அழுவ. செல்வி தன் பட்டுப்பொடவைத் தலைப்பால அம்மா கண்ணத் தொடச்சு விட்டா. "அழுவாதம்மா, அண்ணன் லைவ்ல பாத்துக்கிட்டுதான் இருக்கும்"னு சமாதானம் சொன்னா.

சாயங்காலம் அண்ணன்கிட்டேருந்து போனு. "என்னடி உன் ஆப்பு! எல்லாம் நல்லா வந்துட்டு இருந்துச்சு. காது குத்தற நேரம் பாத்து ரெண்டு நிமிஷம் ஒரே பச்ச. பாப்பா அழுவற சத்தம் மட்டும் கேக்குது, மூஞ்சியப் பாக்க முடியல. நெஞ்சே வெடிச்சிடுச்சு செல்வி." அவன் குரலு கம்முனதுல இவளுக்கும் அழுவ வந்துடுச்சு. லீவுதான் இல்ல, பாக்கறதுக்குமா குடுத்து வைக்கல? அதுவும் தன் கையால செஞ்ச ஆப்புல? விடக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டா.

திங்கக்கெழம ஆபீஸ்ல ஒக்காந்தா. பதிவான வீடியோவ ஓட்டிப் பாத்தா, சுத்தமா இருக்கு. ஆபீஸ்ல இருக்கற அஞ்சு டெஸ்டு போன்லயும் போட்டுப் பாத்தா, அஞ்சுலயும் நல்லாத்தான் ஓடுது. "ஒரு ஆளு சொன்ன புகாருக்கு ரெண்டு நாளு எதுக்கும்மா?"ன்னாரு தங்கசாமி சாரு. "அந்த ஒரு ஆளு எங்கண்ணன் சார்"ன்னா. அவரு கைய விரிச்சிட்டுப் போயிட்டாரு.

அந்த ரெண்டு நிமிஷத்த மட்டும் எத்தன தடவ ஓட்டியிருப்பான்னு அவளுக்கே தெரியாது. செவ்வாக்கெழம மத்தியானம்தான் புடிச்சா. நம்ம கேமராக்காரங்க பண்ற வேல ஒண்ணு உண்டு. விசேஷம் பூரா பெரிய கேமராவ ஸ்டாண்டுல வச்சு எடுப்பாங்க. தாலி கட்டற நேரம், காது குத்தற நேரம்னு வந்துட்டா, கிட்டக்கப் போயி எடுக்கணும்னு கைக்கு அடக்கமான சின்னக் கேமராவுக்கு மாத்திக்கிட்டு மேடையேறிடுவாங்க. பெரிய கேமரா படத்தோட அளவு வேற, சின்னது அளவு வேற. ஓடிட்டிருக்கறப்பவே அளவு மாறுது. மாறுன அளவுக்குத் தகுந்த மாதிரி பிரிச்சுக் காட்ட சில போன் சில்லுக்குத் தெரியாது, திகைச்சுப் போயி வெறும் படத்த நீட்டும். இந்தத் தொழில்ல ஒண்ணுமே இல்லாத படம் கறுப்பா வராது, பச்சையா வரும். கேமராக்காரரு மறுபடியும் பெரிய கேமராவுக்கு மாறுனதும் படம் வந்துடும். சரியா அந்த ரெண்டு நிமிஷம்! "அட கண்றாவியே, முக்கியமான நேரத்த மட்டும்ல முழுங்கியிருக்கு!"ன்னு நெத்தியில அடிச்சிக்கிட்டா.

வைத்தியமும் சுளுவாத்தான் இருந்துச்சு. அளவு மாறுன ஒடனே டிகோடர மூடிட்டு, புது அளவச் சொல்லி மறுபடி தொறக்க வைக்கணும். பொதங்கெழம மதியத்துக்குள்ள எழுதி முடிச்சிட்டா. ஆனா அண்ணன் போன்ல நடந்தது இதேதானான்னு உறுதி பண்ணணுமே. அவன் வச்சிருக்கற மாடலு சிங்கப்பூர்ல வாங்குனது, நம்மூரு கடையில கெடையாது. அதனால அன்னிக்கி வந்த பிழைக்குறிப்ப எல்லாம் அந்த மாடலு பேரப் போட்டுத் தேடுனா. ஒண்ணே ஒண்ணு வந்துச்சு. காலை பத்து நாப்பத்தி ரெண்டு, படத்தோட அளவு மாறுனப்ப டிகோடர் நின்னு போச்சு. அவ நெனச்சபடியே! "மாட்டுனியா!"ன்னு சத்தமாவே கத்திட்டா. தங்கசாமி சாரு கூட திரும்பிப் பாத்து சிரிச்சாரு.

அப்பத்தான் அந்த வரியோட கடைசியில இருந்ததப் பாத்தா. 'அம்மா வூடு'.

மொதல்ல அவளுக்குச் சிரிப்புதான் வந்துச்சு. ஏதோ தப்பா எழுதித் தொலச்சிருக்கோம்னு நெனச்சா. தப்புன்னா மொதல்ல தன்னோடதான்னு பாக்கறது அவ பழக்கம். அடையாளம் போடற எடத்த ஒவ்வொரு வரியாப் படிச்சா, தப்பு இல்ல. அன்னிக்கி சிங்கப்பூர்லேருந்து பாத்த வேற மூணு பேரோட குறிப்பு இருந்துச்சு, மூணுலயும் சிங்கப்பூரு லைன்தான். அந்தப் போன்லயெல்லாம் கடியாரம் நமக்கு ரெண்டர மணி நேரம் முன்னாடி ஓடுது. அண்ணன் போன்ல ஓடுனது நம்ம நேரம். பழைய குறிப்பெல்லாம் கிளறுனா. பாக்கற எடத்துல எல்லாம் தன் தப்பு ஒண்ணு கெடைக்காதான்னு தேடுனா. வாழ்க்கையில மொதத் தடவையா, தன் வேலையில ஓட்ட இருக்கணும்னு வேண்டிக்கிட்டா. ஓட்டையே இல்ல. அவ்வளவு ஒழுங்கா எழுதி வச்சிருக்கா பாவி மவ.

மணி மூணு இருக்கும், அண்ணனுக்குப் போனு போட்டா.

"அண்ணே, வேலையில இருக்கியா?"

"ஆமாடி, சைட்டுலதான். சொல்லு."

"அங்க இப்ப மணி என்னண்ணே?"

சிங்கப்பூர்ல இருக்கறவன் கையத் திருப்பிப் பாத்துட்டுச் சொல்லுவான். இவன் நின்னான். "மணியா... மூணு... அஞ்சு, அஞ்சரை." கூட்டிப் பாத்துச் சொல்றது அவளுக்குக் காதுல நல்லாக் கேட்டுச்சு. "சரிண்ணே, பச்சை எதனாலன்னு புடிச்சிட்டேன், சும்மா சொல்லலாம்னு"ன்னா. "எங்க செல்வின்னா செல்விதான்டி!"ன்னான் அவன். அவ போன வச்சிட்டா.

சார்கிட்ட தலவலின்னு சொல்லிட்டு எறங்குனா. அரியலூரு போயி, தன் வூட்டுப் பக்கம் திரும்பாம, உடையார்பாளையம் வழியாப் போற ஜெயங்கொண்டம் பஸ்ஸுல ஏறி ஒக்காந்தா. வழியெல்லாம் ஒரே வேண்டுதல். யாரோ அந்த மாடலு போனு வாங்கியிருப்பாங்க, விருந்தாளி யாரோ வந்திருப்பாங்க, எதுவா வேணா இருக்கட்டும்.

அம்மா வூட்டு வாசல்லயே தெரிஞ்சு போச்சு. கொடியில அண்ணன் லுங்கி காஞ்சுக்கிட்டு இருந்துச்சு. உள்ள மேசையில சிங்கப்பூரு தைலப் பாட்டிலு அடுக்கி வச்சிருக்கு. சிந்தாமணி இவளப் பாத்ததும் தண்ணிச் செம்பக் கீழ வைக்க மறந்து அப்படியே நின்னா.

"அண்ணன் எங்கம்மா?"

"எந்த... அவன் சிங்கப்பூர்லடி..."

"அம்மா. வேணாம்."

அண்ணாதுரைதான் வாயத் தொறந்தாரு. அவருக்குச் சுத்தி வளைச்சுப் பேச வராது. "மூணு மணிக்கு மேல கெளம்பிட்டான், திருச்சிக்கு. போன வெசாழக்கெழம வந்தான். முந்திரிக்காட்ட அவன் பேருக்கு எழுதியாச்சு, நேத்து ரிஜிஸ்டரு முடிஞ்சுது. அவன் நேர்ல வந்து கையெழுத்துப் போட வேண்டியிருந்துச்சு."

"ஞாயித்துக்கெழம இங்கதான் இருந்துச்சா?"

"உள்ள ரூம்புல."

"நாங்க மேடையில நின்னப்ப?"

"காதுகுத்துக்கு வந்தா, எத்தன நாளு லீவு, எதுக்கு வந்தேன்னு நாலு கேள்வி வரும். உன் மாமியா வூட்டுக்குத் தெரியும். பங்கு அது இதுன்னு நீ வந்து கேட்டுட்டீனா, அண்ணன் தங்கச்சிக்குள்ள மனத்தாங்கலாப் போயிடும். அதான்"னாரு. ஏதோ இவளுக்கு நல்லது பண்ணுன மாதிரி சொன்னாரு மனுசன்.

செல்வி திரும்புனா. அவ அம்மாவத்தான் பாத்தா. முந்தானைய வாயில வச்சுக்கிட்டு அழுத அம்மா. தன் பட்டுப்பொடவைய நனைச்ச அம்மா. "நீ எப்படிம்மா அழுத?"ன்னு கேட்டா. "என்னைய விடு. அந்தச் சபையில, அத்தன பேரு முன்னாடி, எப்படிம்மா உனக்கு அழுவ வந்துச்சு?"

"நெசமாத்தான்டி அழுதேன். பெத்த புள்ள இங்க இருந்தும் அங்க வர முடியலையேன்னு... அவனும் அழுதான்டி. புள்ள கத்தறதக் கேட்டுட்டு, வண்டிய எடுத்துட்டு வந்துடலாமான்னு இருந்துச்சுன்னான்."

"வந்திருக்கலாமே."

சிந்தாமணி அப்பத்தான் செம்பக் கீழ வச்சா.

"ஏம்ப்பா," ன்னு அப்பா பக்கம் திரும்புனா செல்வி. "பங்கு கேப்பேன், பங்கு கேப்பேன்னு பயந்தீங்களே, இத்தன வருஷத்துல நான் எதையாவது கேட்டிருக்கேனா? கல்யாணத்துக்கு இது வேணும்னு கேட்டேனா, தீபாவளிக்கி அது வேணும்னு கேட்டேனா? கூப்பிட்டு விஷயத்தச் சொல்லியிருந்தா, எங்கண்ணனுக்குத்தானேன்னு நானே கூட வந்து நின்னிருப்பேன். நான் கேட்டது ஒரு மடிதானேப்பா. ஒரு அஞ்சு நிமிஷம், எம் புள்ள ஒக்கார ஒரு மடி."

அண்ணாதுரை எந்திரிச்சுக் கொல்லப்பக்கம் போயிட்டாரு.

மேசையில கெடந்த சிந்தாமணி போனு அடிச்சுது. தமிழ்மாறன்னு பேரு வந்துச்சு. சிந்தாமணி கை நீட்டறதுக்குள்ள செல்வி எடுத்துட்டா, பேசல, காதுல மட்டும் வச்சா. பின்னாடி பயணிகள் கவனத்திற்குன்னு ஏர்போர்ட்டு அறிவிப்பு ஓடுது.

"அம்மா, வந்து சேந்துட்டேன். இந்தா பாரு, செல்வி அந்தப் பச்சை எதனாலன்னு புடிச்சிட்டாளாம். அந்த ரெண்டு நிமிஷத்த நீ கேக்கற மாதிரி கேட்டு எனக்கு அனுப்பச் சொல்லும்மா. நான் ரொம்ப நோண்டுனா அவளுக்குச் சந்தேகம் வந்துடும். எமகாதகி அவ. இன்னிக்கி மணி என்னன்னு கேக்கறா."

செல்வி கண்ணத் தொடச்சுக்கிட்டா.

"நாந்தாண்ணே," ன்னா.

அந்தப் பக்கம் அறிவிப்பு மட்டும் கேட்டுச்சு. அப்புறம், "செல்வி... ஏய் செல்வி... நான் சொல்றதக் கேளு, அப்பாதான்..."

"சரியாயிடுச்சுண்ணே. நாளைக்கி எல்லார் போனுக்கும் போயிடும். எந்த ஊர்ல எந்த மண்டபத்துல எவன் கேமராவ மாத்துனாலும் இனிமே படம் நிக்காது."

"செல்வி, என்னையத் திட்டுடி. என்ன வேணா திட்டு. அந்த ரெண்டு நிமிஷத்த மட்டும் அனுப்பிடு. பாப்பா மூஞ்சிய ஒரே ஒரு தடவ..."

"முப்பது கிலோமீட்டருண்ணே," ன்னா செல்வி. "அருள்முருகன் அண்ணன் ஓட்டற டவுன் பஸ்ஸே இந்த வாசல் வழியாத்தான் போவுது. ஏறி வந்து பாத்திருக்கலாம்ல."

பேச்சக் கட் பண்ணுனா. அம்மா கையில போனத் திணிச்சா. தன் போன எடுத்து, காதுகுத்து வீடியோவப் பாக்க விட்டிருந்த எரநூத்திச் சொச்சம் பேரு லிஸ்டத் தொறந்து, மேலயே இருந்த அண்ணன் பேர அழிச்சா. அதுக்கு அடுத்த பேரு அம்மா. கொஞ்ச நேரம் அதையே பாத்துட்டு நின்னா, அப்புறம் அதையும் அழிச்சா. "எங்கடி போற, ஒரு வாய் காப்பியாவது"ன்னு சிந்தாமணி பின்னாடியே வந்தா. செல்வி செருப்ப மாட்டிக்கிட்டு எறங்கிட்டா, அரியலூர் பஸ்ஸு வர்ற நேரம்.